வில்லங்கம்: சில கடற்பறவைகள்

நம் ஊரில் ரெண்டு சென்ட் இடம் வாங்குகிறவன்கூட, முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்கிறான். தாய்ப்பத்திரம் கேட்கிறான். இடத்தில் யாராவது குடிசை போட்டிருக்கிறார்களா என்று நேரில் போய் நோட்டம் விடுகிறான். குடிசை இருந்தால் விலை குறையும். இல்லையென்றால் ஒரே ராத்திரியில் குடிசை குறையும். வல்லரசுகளும் இப்படித்தான் மனை வாங்குகின்றன. ஒரே வித்தியாசம், அங்கே வாங்குகிறவர், விற்கிறவர், சார்பதிவாளர், சாட்சி எல்லோரும் ஒரே குடும்பம்.

சந்தேகம் இருப்பவர்கள் கன்னியாகுமரியிலிருந்து தெற்கே, கொஞ்சம் மேற்காகச் சாய்ந்து, சுமார் 1,800 கிலோமீட்டர் போய்ப் பார்க்கலாம். சாகோஸ் தீவுக்கூட்டம். அதில் பெரியது டியகோ கார்சியா. வானிலிருந்து பார்த்தால் ஒரு பாதச்சுவடு மாதிரி இருக்கும் பவளத்திட்டு. ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்து பிரெஞ்சுக்காரர்கள் இங்கே தென்னந்தோப்பு போட்டார்கள். 1814இல் மொரீஷியஸோடு சேர்ந்து இதுவும் பிரிட்டன் கைக்குப் போனது. அடிமைகளின் பிள்ளைகளும், பின்னால் வந்த இந்தியக் கூலிகளின் பிள்ளைகளும் கலந்து கிரியோல் பேசினார்கள், கொப்பரை உலர்த்தினார்கள், நாய் வளர்த்தார்கள், செத்தவர்களை அங்கேயே புதைத்தார்கள். ஒரு ஊர் ஊராவதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

அப்போது பனிப்போர் வந்தது. இந்தியப் பெருங்கடலுக்குள் சோவியத் கப்பல் நுழைந்துவிடுமே என்று அமெரிக்காவுக்குப் பயம் வந்தது. சாமானியனுக்குப் பயம் வந்தால் தன் வீட்டைப் பூட்டுவான். வல்லரசுக்குப் பயம் வந்தால் அடுத்தவன் வீட்டுச் சாவியைக் கேட்கும்.

சாவி அப்போது பிரிட்டன் இடுப்பில் இருந்தது. ஆனால் வீடு மொரீஷியஸுடையது. மொரீஷியஸோ சுதந்திரம் கேட்டு வாசலில் நின்றது. 1965 செப்டம்பரில் லண்டனில் மொரீஷியஸ் தலைவர் சிவசாகர் ராம்கூலம், பிரிட்டிஷ் பிரதமர் ஹெரால்டு வில்சனைச் சந்தித்தார். சந்திப்புக்கு முன் வில்சன் கையில் கொடுக்கப்பட்ட குறிப்பு பிற்பாடு வெளியே வந்தது. நம்பிக்கையைக் காட்டியே இவரைப் பயமுறுத்துங்கள் என்பது அதன் சாரம்: சுதந்திரம் கிடைக்கும் என்பது நம்பிக்கை, தீவுகளை விட்டுக்கொடுக்காவிட்டால் கிடைக்காமல் போகலாம் என்பது பயம். காவல் நிலையத்தில் இதற்கு ஒரு சட்டப்பிரிவு போடுவார்கள். வெளியுறவுத் துறையில் இதற்குப் பேச்சுவார்த்தை என்று பெயர்.

பேச்சுவார்த்தை இனிதே முடிந்தது. 30 லட்சம் பவுண்டு கொடுத்து, 1965 நவம்பர் 8ஆம் தேதி சாகோஸை வெட்டி எடுத்துப் ‘பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசம்’ என்று புதுப் பெயர்ப்பலகை மாட்டினார்கள். நாட்டைத் துண்டாடாதே என்று அடுத்த மாதமே ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டது. ஐ.நா. தீர்மானம் போடுவதும் வல்லரசு அதைக் கேட்டுக்கொள்வதும் மழை பெய்வதும் எருமை நனைவதும் போல.

1966 டிசம்பர் 30இல் இடம் அமெரிக்காவுக்குக் கைமாறியது. 50 ஆண்டு, அதற்கு மேல் இன்னொரு 20. பத்திரத்தில் வாடகை இல்லை. பிரிட்டன் வாங்கிய போலாரிஸ் ஏவுகணைக் கணக்கில் 1.4 கோடி டாலர் தள்ளுபடி மட்டும் ரகசியமாகக் கொடுக்கப்பட்டது. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்கள். இங்கே தேங்காய் உண்மையிலேயே தேங்காய். பிள்ளையார்தான் கொஞ்சம் பெரியவர், கொழுக்கட்டைக்குப் பதிலாக பி-52 குண்டுவீச்சு விமானம் வைத்திருந்தார்.

இனி மிச்சம் வில்லங்கம்தான். தீவுகளில் ஏறத்தாழ 1,500 முதல் 2,000 பேர் இருந்தார்கள். நிரந்தரக் குடிகள் என்று ஒப்புக்கொண்டால் ஐ.நா.வுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆகவே அவர்களை வந்துபோகும் ஒப்பந்தக் கூலிகள் என்று எழுதிவிட முடிவானது. 1966இல் பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் உயர் அதிகாரி ஒருவர், அங்கே கடற்பறவைகளைத் தவிர மண்ணின் மக்கள் யாரும் இருக்க மாட்டார்கள் என்று கோப்பில் நகைச்சுவை செய்தார். இன்னொருவர், பறவைகளோடு கூடவே பூர்வீகம் தெரியாத சில டார்சான்களும் இருக்கிறார்கள் என்று அதற்குப் பின்பாட்டுப் பாடினார். சான்று தயார். வில்லங்கம்: சில கடற்பறவைகள்.

1968 முதல் 1973 வரை தீவுகள் காலி செய்யப்பட்டன. வைத்தியத்துக்கு மொரீஷியஸ் போனவர்களைத் திரும்பக் கப்பலேற்றவில்லை. அரிசி, மருந்து வரத்து சுருங்கியது. 1971இல் டியகோ கார்சியாவில் மிச்சமிருந்தவர்களையும் கப்பலில் அடைத்தார்கள். அதற்கு முன் அவர்கள் வளர்த்த நாய்களைக் கொப்பரை உலர்த்தும் கொட்டகைக்குள் பூட்டி, ராணுவ வாகனப் புகையை உள்ளே விட்டுக் கொன்றார்கள். ஜனநாயகத்தைக் காக்கும் வேலையில் நாய் குரைப்பது இடைஞ்சல்தானே.

அந்த 1971 மறக்கக் கூடாத வருஷம். டிசம்பர் 16ஆம் தேதி, இலங்கையின் முன்மொழிவின்பேரில், இந்தியப் பெருங்கடலை ‘அமைதி மண்டலம்’ என்று ஐ.நா. அறிவித்தது. அதே டிசம்பரில் அமெரிக்காவின் அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பல் ‘எண்டர்பிரைஸ்’ வங்கக் கடலுக்குள் வந்து இந்தியாவை முறைத்தது. சின்ன நாடு தீர்மானம் கொண்டுவந்தது, பெரிய நாடு கப்பல் கொண்டுவந்தது. கடலுக்கு எது புரிந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

துரத்தப்பட்டவர்கள் மொரீஷியஸின் போர்ட் லூயிஸ் சேரிகளில் ஒதுங்கினார்கள். 1982இல் 40 லட்சம் பவுண்டு நிவாரணம் வந்தது. ஊர் திரும்பும் உரிமையைக் கைவிடுகிறோம் என்று, தங்களுக்குப் படிக்கத் தெரியாத ஆங்கிலக் காகிதத்தில் கைநாட்டு வைக்க வேண்டியிருந்தது. 2000இல் லண்டன் நீதிமன்றம் வெளியேற்றம் சட்டவிரோதம் என்றது. நாடாளுமன்றத்துக்கே போகாமல், 2004இல் அரசியின் ஆணைகளால் அரசு மறுபடி கதவை அடைத்தது. 2008இல் பிரபுக்கள் சபை நீதிபதிகள் மூவருக்கு இருவர் என்ற கணக்கில் அது சரியே என்றார்கள். மன்னராட்சி வெறும் அலங்காரம் என்று யார் சொன்னது? ஏழையை வீட்டுக்குள் விடாமலிருக்க அது இன்னும் நன்றாகவே வேலை செய்கிறது.

2010இல் லண்டனுக்குத் திடீரென்று மீன்கள்மேல் பாசம் பொங்கியது. சாகோஸைச் சுற்றி 6,40,000 சதுர கிலோமீட்டர், அதாவது கிட்டத்தட்ட ஐந்து தமிழ்நாட்டுப் பரப்பு, கடல் சரணாலயமானது. மீன்பிடிக்கத் தடை. படைத்தளமிருக்கும் டியகோ கார்சியாவுக்கு மட்டும் விலக்கு. அணுசக்திக் கப்பல் நங்கூரம் போட்டால் பவளம் கோபித்துக்கொள்ளாது போலும். இந்தச் சரணாலயம் வந்தால் மக்கள் திரும்பிவரும் பேச்சே முடிந்துவிடும் என்று பிரிட்டிஷ் அதிகாரி அமெரிக்கர்களிடம் சொன்னதை அதே ஆண்டு விக்கிலீக்ஸ் அம்பலப்படுத்தியது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை தெரியும். மீன் நனைகிறதே என்று அழுத ஓநாயை அன்றுதான் பார்த்தோம்.

நியாயமாகச் சீனாவையும் இங்கே கூப்பிட வேண்டும். 2016இல் தென்சீனக் கடல் வழக்கில் தீர்ப்பாயம் பிலிப்பைன்ஸ் பக்கம் நின்றது. அது வெறும் குப்பைக் காகிதம் என்றது பெய்ஜிங். சட்டத்தை மதி என்று லண்டனும் வாஷிங்டனும் உபதேசம் செய்தன. 2019 பிப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம், சாகோஸைப் பிரித்தது தவறு, கூடிய சீக்கிரம் வெளியேறு என்று பிரிட்டனிடம் சொன்னது. அது தீர்ப்பில்லை, வெறும் ஆலோசனை என்றது லண்டன். மே மாதம் ஐ.நா.வில் 116 நாடுகள் மொரீஷியஸ் பக்கமும், ஆறே நாடுகள் எதிர்ப்பக்கமும் வாக்களித்தன. ஆலோசனை ஆலோசனையாகவே இருந்தது. இரண்டு ரவுடிகளுக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான்: ஒருவன் நோட்டீஸைக் கிழித்துப் போடுகிறான், இன்னொருவன் ‘கிடைக்கப்பெற்றோம், நன்றி’ என்று பதில் எழுதிவிட்டு அதே வீட்டில் படுத்துக்கொள்கிறான்.

நமக்கும் இதில் ஒரு சிறு பங்கு உண்டு. 2021 அக்டோபரில் கனடா போகப் புறப்பட்ட ஈழத்தமிழர் படகு ஒன்று, 89 பேரோடு தத்தளித்து டியகோ கார்சியா கொண்டுவரப்பட்டது. வேலி போட்ட முகாமில், கூடாரங்களில், எலிகளோடு மூன்று ஆண்டுக்கும் மேல். அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று அந்தப் பிரதேசத்தின் நீதிமன்றமே 2024 டிசம்பரில் சொன்னது. ஊர்க்காரனுக்கு உள்ளே போக வழியில்லை, வந்தவனுக்கு வெளியே வர வழியில்லாமல் இருந்தது. அந்தத் தளத்தின் செல்லப்பெயர் ‘சுதந்திரத்தின் பாதச்சுவடு’.

கடைசியில் 2025 மே 22ஆம் தேதி உடன்படிக்கை கையெழுத்தானது. அதன்படி இறையாண்மை மொரீஷியஸுக்கு. டியகோ கார்சியா 99 ஆண்டு குத்தகையில் பிரிட்டனுக்கு, அதாவது அமெரிக்காவுக்கு. சராசரியாக ஆண்டுக்கு 10.1 கோடி பவுண்டு வாடகை. கொடுத்தால் சீனா வந்துவிடும் என்று லண்டனில் ஒரு கட்சி கத்தியது, கொடுக்காவிட்டால்தான் சீனா வரும் என்று மறு கட்சி கத்தியது. முதலில் வரவேற்ற வாஷிங்டனில், 2026 ஜனவரியில் டிரம்ப் இதை மகா முட்டாள்தனம் என்று ஏசினார். வாடகை கொடுக்காத குடித்தனக்காரருக்குத்தான் வீட்டின்மேல் எத்தனை உரிமை! டெல்லியும் இதில் சாமியார் இல்லை. மொரீஷியஸின் அகலேகா தீவில் இந்தியா போட்டுக்கொடுத்த ஓடுபாதை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டிருக்கிறது.

மொரீஷியஸைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கப்பற்படை இல்லாத நாடு, சட்டப்புத்தகத்தை மட்டும் வைத்து அரை நூற்றாண்டு போராடி ஜெயித்தது. ஆனால் சின்ன நாட்டுக்குக் கிடைக்கும் உச்சபட்ச வெற்றி என்னவென்று பாருங்கள்: காலி செய்யாத குடித்தனக்காரனிடம் வாடகை வாங்கும் வீட்டுக்காரனாவது. அந்த நாட்டுக்கும் கீழே நிற்பவனுக்கு அதுவும் இல்லை. பேச்சுவார்த்தை மேசையில் சாகோஸ் மக்களுக்கு நாற்காலி போடவில்லை. அவர்கள் பெயரில் 4 கோடி பவுண்டு நிதி ஒதுக்கி, மற்றத் தீவுகளில் குடியேறலாம் என்று காட்டிவிட்டு, டியகோ கார்சியாவை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அங்கே பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவர் சமைக்கலாம், டெக்சாஸிலிருந்து வந்தவர் மீன் தூண்டில் போடலாம். அங்கே பிறந்தவர் மட்டும் குடியிருக்கக் கூடாது.

குத்தகை முடிய 99 ஆண்டு ஆகும். 1971இல் கப்பலேற்றப்பட்டவர்களில் கைக்குழந்தையாக இருந்தவருக்கும் அப்போது வயது 150ஐத் தாண்டியிருக்கும். வந்து சாவியை வாங்கிக்கொள்ளலாம். இரண்டு தரப்பும் சம்மதித்தால் குத்தகையை இன்னும் 40 ஆண்டு நீட்டிக்கவும் பத்திரத்தில் இடம் வைத்திருக்கிறார்கள்.