ஒரு வெட்டு வெட்டுதல்: ஸ்கூடாய் மேசையொன்றின் நேர்க்கோட்டியல்

ஸ்கூடாய், தாமான் யுனிவர்சிட்டியில் இரவு பதினொன்றுக்கு மேல் மாமாக் கடையில் உட்காருகிறவர்கள் இரண்டு இனம். சாப்பிட வந்தவர்கள் ஓர் இனம். ஒரு கிளாஸ் தே தாரிக்கை முன்னால் வைத்துக்கொண்டு பந்தாட்டம் முடியும்வரை எழுந்திருக்காதவர்கள் மற்றோர் இனம். கூப்பிடு தூரத்தில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். அங்கே பாலம் முதல் பெட்ரோலியம் வரை எல்லாவற்றையும் ஆராய்கிறார்கள். இந்த மேசையை ஆராயத்தான் ஆளில்லை. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

ஆய்வுக்களம் ஒரே கடை. சுவர்ப் பலகைப்படி ரொட்டி கோசோங் 2 வெள்ளி, தே தாரிக் 2 வெள்ளி 40 காசு. ஆய்வாளரின் சட்டைப்பையில் இருந்தது 12 வெள்ளி. ஒரு காசு நாணயத்தை ஒழித்து 2008 ஏப்ரல் 1 முதல் பில்லை ஐந்து காசுக்கு முழுமையாக்கிவிட்டதால், சில்லறைப் பிழை எதுவும் இந்த ஆய்வைத் தீண்டாது.

மேசையின் இரண்டு விளிம்புகளே அச்சுகள். டிஷ்யூ டப்பா இருக்கும் மூலை ஆதிப்புள்ளி. முழுக்க ரொட்டியாகவே தின்றால் ஆறு. முழுக்கத் தேயாகவே குடித்தால் ஐந்து. ஒரு விளிம்பில் ஆறாம் இடத்தையும் மறு விளிம்பில் ஐந்தாம் இடத்தையும் குறித்து, கிளாஸின் அடியில் தேங்கிய ஈரத்தைத் தொட்டு விரலால் இணைத்தேன். மின்விசிறிக் காற்றில் காய்வதற்குள் அதன் சமன்பாட்டையும் எழுதிவிட்டேன்:

ரொ/6 + தே/5 = 1

சாய்வு கேட்கவில்லை, நடுவில் ஒரு புள்ளி கேட்கவில்லை. இரண்டு விளிம்புகளையும் கோடு எங்கே வெட்டுகிறது என்று தெரிந்தால் போதும். வலப்பக்கத்து 1 என்ன என்று கேட்பவர்களுக்கு: அது ஒரு சட்டைப்பை, முழுதாகக் காலியானது.

கலைச்சொல் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில் கணக்குப் போட்ட பிள்ளை, மூன்றாம் படிவத்தில் ‘காரிஸ் லூருஸ்’ என்ற பாடத்தில் கோடு அச்சை வெட்டும் இடத்தைப் ‘பிந்தாசான்’ என்று மலாயில் சந்திக்கிறது. ‘பிந்தாஸ்’ என்றால் குறுக்கே வெட்டிப் போவது. தமிழ்நாட்டுப் பாடநூலில் இதற்கு வெட்டுத்துண்டு என்று பெயர். சோற்றை ‘ஒரு வெட்டு வெட்டினான்’ என்று சொல்லும் மொழியில் இதைவிடப் பொருத்தமான சொல் அமைய முடியாது. ஆறு ரொட்டி என்பது உண்மையிலேயே ஒரு வெட்டுதான்.

கோட்டின் சாய்வு −5/6. ஒரு ரொட்டி கூடினால் தேயில் ஆறில் ஐந்து பங்கு குறையும் என்று பொருள். பள்ளியில் படித்தபோது ஒரு தேர்வில் அந்தக் கழித்தல் குறியை விட்டுவிட்டு மூன்று மதிப்பெண் இழந்தேன். குறியை விட்டால், ரொட்டி தின்னத் தின்னத் தேயும் கூடிக்கொண்டே போகும். அப்படியொரு கடையை ஜொகூர் முழுக்கத் தேடிவிட்டேன்.

மாதக் கடைசியில் கோடு சாய்வு மாறாமல் டிஷ்யூ டப்பாவை நோக்கி நகர்கிறது. டப்பாவையே தொட்டுவிட்டால் வெட்டுத்துண்டு இரண்டும் பூஜ்யம். பூஜ்யத்தால் வகுக்க முடியாததால், காலிப் பைக்காரனுக்கு இந்த வடிவத்தில் சமன்பாடே கிடையாது. நண்பன் தேயைப் ‘பெலாஞ்சா’ செய்து தன் காசில் வாங்கித் தந்தாலும் சிக்கல்தான். தே அச்சை வெட்டாமல் கோடு செங்குத்தாக நின்றுவிடும்.

இனி முக்கியக் கண்டுபிடிப்பு. பின்னங்களை நீக்கினால் 5ரொ + 6தே = 30. கடையில் அரை ரொட்டி தரமாட்டார்கள், ஆகவே முழு எண்கள் வேண்டும். இந்த வகைக் கணக்குக்கு ஆரியபட்டர் 499-லேயே குட்டகம் என்ற முறையைச் சொல்லிவிட்டார். ஐந்துக்கும் ஆறுக்கும் பொதுக் காரணி இல்லை. எனவே ரொட்டி ஆறின் மடங்காகவே இருந்தாக வேண்டும். அதாவது கோட்டில் அகப்படும் முழு எண் புள்ளிகள் இரண்டே: ஆறு ரொட்டிக்காரரும் ஐந்து தேக்காரரும். இரண்டையும் கலந்து சாப்பிடும் சாதாரண மனிதன் எவனும் கோட்டில் நிற்க முடியாது. ஒரு ரொட்டி, நான்கு தே என்றால் 40 காசு மிஞ்சும். இரண்டும் மூன்றும் என்றால் 80. மூன்றும் இரண்டும் 1 வெள்ளி 20. நான்கும் ஒன்றும் 1 வெள்ளி 60.

இந்த மிச்சத்தைப் பார்த்தபடி இருந்தபோதுதான் பலகையின் கடைசி வரி கண்ணில் பட்டது: ஆயர் சுவாம், 40 காசு. வெந்நீருக்கும் விலை! உடனே மூன்றாம் அச்சு பிறந்தது, கோடு தளமாயிற்று: ரொ/6 + தே/5 + சு/30 = 1. மிச்சமெல்லாம் 40-இன் மடங்காக இருந்ததன் மர்மமும் விளங்கிற்று. ஒரு தேயின் விலை ஒரு ரொட்டியும் ஒரு ஆயர் சுவாமும் சேர்ந்த விலை. ஆக, ஐந்து தேயில் எத்தனையை விட்டுக்கொடுக்கிறோமோ அத்தனை ரொட்டியும் அத்தனை கிளாஸ் வெந்நீரும் கிடைக்கும். பையில் சல்லிக்காசு மிஞ்சாது.

தேற்றத்தைச் சோதிக்க மூன்று ரொட்டி, இரண்டு தே, மூன்று ஆயர் சுவாம் சொன்னேன். கொண்டுவந்த தம்பி எதிர் நாற்காலியைப் பார்த்தார்.

“மூணு பேராண்ணே?”

“ஒரு ஆள்தான்.”

அரை மணி கழித்து, மூச்சு வாங்கியபடி கல்லாவில் 12 வெள்ளியை நீட்டினேன். கல்லாக்காரர் மேசையை எட்டிப் பார்த்தார். தட்டுகளை எண்ணினார், கிளாஸ்களை எண்ணினார், என் முகத்தையும் ஒருமுறை பார்த்தார்.

“சுடுதண்ணிக்கெல்லாம் காசு வேணாம்ணே, போங்க.”

ஒரு வெள்ளி நோட்டையும் இருபது காசையும் என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.