மிஸ்ஸைப் பேய்க்காட்ட ஒரு வழி

வா மோனை, இதில இரு. கிளினிக் மிஸ் படலையில வந்து நிண்டு கூப்பிட, நீ கோடிப்பக்கத்தால தோட்டத்துக்கு மாறிட்டியாம். உன்ர மனிசி சந்தியில நிண்டு சொல்லிச் சிரிக்கிறா. ஐம்பது வயசுப் பொடியன், உரும்பிராய்ச் செம்மண்ணில மண்வெட்டி பிடிச்ச கை, ஒரு பெட்டைப்பிள்ளை கொண்டு வாற அளவு நாடாவுக்குப் பயம்! போகட்டும். ஒளிக்கிறதுக்கும் ஒரு முறை இருக்கு, சொல்லித் தாறன்.

முதல் அந்த நாடா. ஆம்பிளைக்கு இடுப்பு 90 சென்ரிமீற்றர் தாண்டினால் கணக்குப் பிழையாம். மூச்சை உள்ளுக்கு இழுத்துப் பிடி. ஆனால் அவ கெட்டிக்காரி. அளக்கிற நேரம் “அண்ணை, தோட்டத்தில என்ன போட்டிருக்கிறியள்?” எண்டு கேப்பா. நீ வாயைத் திறந்து “வெங்காயம்” எண்டு சொல்லி முடிக்க வண்டி பழைய இடத்துக்கு வந்திடும்.

சீனிக்கு வேற வழி. ஒரு கிழமைக்குப் புட்டையும் கதலிப்பழத்தையும் விட்டுப்போட்டு, வெறும் வயித்தோட போய் நல்ல பிள்ளையாய் இரு. அதுக்கும் உவை ஒரு ரத்தப் பரிசோதனை வைச்சிருக்கினம். போன ரெண்டு மூண்டு மாசமாய் உன்ர உடம்பில சீனி எப்பிடி நிண்டதெண்டு அது காட்டிக் குடுக்கும். கறுத்தக் கொழும்பான் காலத்தில நீ மாமரத்துக்குக் கீழ பாய் போட்டுப் படுத்ததெல்லாம் அதில வரும். அடுத்தது வாய். கொப்பளிச்சால் வெத்திலைச் சிவப்புப் போகும்; பாக்கும் புகையிலையும் சேர்ந்து உள்ளுக்குப் போட்ட வெள்ளைத் தழும்பு போகாது. அவ லைற் அடிச்சுப் பாக்கிறது அதைத்தான்.

பேந்து ஒரு கடதாசி எடுப்பா. பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எண்டு பெட்டி பெட்டியாய்க் கிடக்கும். உன்ர வயசு, சுருட்டு, பிரஷர், கொழுப்பு எல்லாத்தையும் வைச்சுப் பாத்து, அடுத்த பத்து வருசத்துக்குள்ள மாரடைப்போ பாரிசவாதமோ வர எவ்வளவு இடமிருக்கெண்டு விரலை வைச்சுக் காட்டுவா. இதையே சாத்திரியார் சொன்னால் வெத்திலையில காசு வைச்சுக் கும்பிடுறாய். மிஸ் சும்மா சொல்லுறா, பரிகாரமும் சொல்லுறா. அதுதான் உனக்குப் பிடிக்கேல்லைப் போல.

இது உன்ர ஒராளின்ர கூத்தில்லை. 2011 தொடக்கம் நாடு முழுக்க ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையம் எண்டு திறந்து வைச்சிருக்கினம். 35 வயசு தாண்டின ஆரும் காசில்லாமல் போய்ப் பாக்கலாம். வாறது முக்கால்வாசியும் பொம்பிளையள். ஆம்பிளையள் எங்கை எண்டு கேட்டால், அவையளைப் பேந்து பெரியாஸ்பத்திரிக் கட்டிலில காணலாம். இந்த நாட்டில பத்துச் சாவில எட்டு இப்ப இந்த மாரடைப்பு, சீனி, புற்றுநோய் மாதிரித் தொத்தாத வருத்தங்களாலதான் வருகுது.

முந்தி மிஸ்மாருக்கு இந்தக் கரைச்சல் இல்லை. 1926 இல களுத்துறையில முதல் சுகாதாரப் பிரிவைத் துவக்கின காலந்தொட்டு அவையின்ர கண் தாயிலயும் பிள்ளையிலயுந்தான். 1930 களில ஒரு லட்சம் பேறுக்கு ரெண்டாயிரம் தாய்மாரைச் சாகக் குடுத்த நாடு. இப்ப முப்பதுக்கு அங்கினை இங்கினை நிக்குது. அதில பெரும்பங்கு வீடு வீடாய்ச் சைக்கிளில திரிஞ்ச மருத்துவமாதுவுக்கு. மலேரியாவையும் துரத்தி, 2016 இல உலக சுகாதார நிறுவனத்தின்ர கையால சான்றிதழும் வாங்கியாச்சு. ஆனால் இப்ப நிறுக்கப் பிள்ளையள் எங்கை? 2019 இல நாட்டில 319,000 பிள்ளையள் பிறந்தினம், 2023 இல 248,000 தான். தொட்டில் காலியாகுது, சாய்மனைக் கதிரை நிரம்புது. அதுதான் கிட்டடியில பொதுச் சுகாதாரத் தாதிய உத்தியோகத்தர் எண்டு புதுப் பதவி போட்டிருக்கினம். பிள்ளைத்தாச்சியைத் தேடிப் போறவ மருத்துவமாது. உன்னை மாதிரிப் பிரஷர்காரனையும், படுக்கையில கிடக்கிற கிழவியையும் தேடி வாறவ இவ. வேலை கூடிப்போச்சு, ஆள் கூடேல்லை. 2022 இல காசு முட்டுப்பட்ட பிறகு எத்தினை தாதிமார் கப்பல் ஏறாமல் பிளேனில ஏறிச்சினம்!

அதில எங்கட பெட்டையளும் எத்தினை பேர். ஒருத்தி லண்டனில வெள்ளைக்காரக் கிழவருக்குக் கை பிடிச்சுப் பிரஷர் பாத்துப்போட்டு, இரவில வாட்ஸப்பில “அப்பா, நீங்கள் பிரஷர் பாத்தனீங்களோ?” எண்டு கேக்கிறாள். அப்பாவும் “ஓம் பிள்ளை, எல்லாம் நோர்மல்” எண்டுறார். எந்தக் கிளினிக்கில பாத்தது? முடிவெட்டுற கடைக் கண்ணாடியிலயோ?

மேல இருக்கிறவைக்கும் ஒரு புத்தி சொல்ல வேணும், ஆனால் அவை என்னட்டக் கேக்கேல்லை. தோட்டக்காரனை விடிய எட்டு மணிக்கு வா எண்டால் அவன் எப்பிடி வாறது? அந்த நேரம் அவன் மருதனார்மடம் சந்தையில வாழைக்குலைக்கு விலை பேசிக்கொண்டு நிப்பான். கூலிக்காரனுக்கு அரைநாள் போனால் அரைநாள் சோறு போகும். மேசையையும் மெசினையும் தூக்கிக்கொண்டு சந்தைக்கு வரட்டும். கோயில் திருவிழாவில மோர்ப் பந்தலுக்குப் பக்கத்தில ஒரு பந்தல் போடட்டும். மோரில உப்பெவ்வளவு எண்டும் அப்பிடியே பாத்திடலாம். 2024 மார்கழியில வடமராட்சியில எலிக்காய்ச்சல் வந்த நேரம் சுகாதாரத் திணைக்களத்தார் குளிசையோட சனத்திட்டத் தேடித்தானே போனவை? காய்ச்சலுக்கு ஏலுமெண்டால் கொழுப்புக்கு ஏன் ஏலாது?

இனி உன்ர விசயம். நீ வராமல் விடுறதில எனக்கு ஒரு நட்டமும் இல்லை. என்ன பாக்கிறாய்? நான் மாசாமாசம் போறனான்தான், இந்தா கொப்பி. வெள்ளணப் போனால் துண்டு முதலாவது, காத்தாடிக்குக் கீழ கதிரை, பதிண்டு முடிய மிஸ்ஸோட ஒரு ஊர்க்கதை. உரும்பிராய் ஆம்பிளையள் எல்லாம் திடீரெண்டு புத்தி வந்து வரிசையில நிண்டால் என்ர கதிரை என்ன ஆகிறது? அப்பிடி வரத்தான் வேணுமெண்டால் வா. ஆனால் எனக்குப் பின்னால நில்.