கால் பக்கக் கேள்வி-பதில்

லைன் ஆபரேட்டர், ஓசூர் சிப்காட்: ஷிஃப்ட் முழுக்க நின்றே வேலை. கணுக்காலின் உள்பக்கம் மட்டும் ஏன் வலிக்கிறது?

உடம்பின் பாரம் அங்கேதான் ஓவர்டைம் பார்க்கிறது. கணுக்காலின் உள்முட்டியிலிருந்து முக்கோணமாக விரிந்து இறங்குவது டெல்டாய்டு ஜவ்வு. அதற்குக் கீழே, குதிகால் எலும்பையும் நேவிகுலர் எலும்பையும் இணைப்பது ஸ்பிரிங் ஜவ்வு. கெண்டைக்காலிலிருந்து இறங்கும் டிபியாலிஸ் போஸ்டீரியர் தசைநாணும் இவர்களுக்குக் கூட்டாளி. மூன்றும் சேர்ந்துதான் பாத வளைவைத் தாங்குகின்றன. தசைநாண் ஓய்ந்துபோனால், அதன் பங்குச் சுமையும் ஜவ்வின் தலையில்தான்.

டூவீலர் கம்பெனி ஊழியர், ஓசூர்: இழுபட்ட ஜவ்வு தானாகச் சுருங்கிக்கொள்ளாதா?

நீங்கள் மாட்டும் ஷாக் அப்சார்பர் அமுங்கி எழும். மாதக்கணக்கில் இழுபட்டுத் தளர்ந்த ஜவ்வு எழாது, வளைவு படுத்துவிடும். அதற்கு முன்பே கவனியுங்கள்.

பக்தர், ஓசூர்: சந்திரசூடேஸ்வரர் மலை இறங்கும்போது கால் பிசகி உள்பக்கம் வீங்கிவிட்டது. சுளுக்கு வழிக்கலாமா?

சுவாமியைக் கும்பிடலாம், காலை வழிக்கக் கூடாது. சுளுக்கு பெரும்பாலும் வெளிப்பக்க ஜவ்வில்தான் விழும். உள்பக்க ஜவ்வு முரட்டு ஆசாமி. அதுவே அடிபட்டிருந்தால் எலும்பும் உடைந்திருக்கலாம். நாலு அடி வைக்க முடியவில்லையா? கணுக்கால் முட்டியின் பின்விளிம்பையோ நுனியையோ அழுத்தினால் வலிக்கிறதா? எக்ஸ்ரே எடுங்கள். கனடாவின் ஒட்டாவா டாக்டர்கள் 1992-ல் சொன்ன விதி இது. புத்தூர் கட்டா, மாவுக்கட்டா என்ற பஞ்சாயத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

வாசகர், தளி: வளைவு இறங்குகிறதா என்று பார்க்க பெங்களூருதான் போக வேண்டுமா?

அத்திப்பள்ளி தாண்டுவதற்கு முன் வீட்டுச் சுவரிடம் போங்கள்! அதைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்று குதிகாலைத் தூக்குங்கள். தூக்க முடியவில்லை, அல்லது பின்னாலிருந்து பார்ப்பவருக்கு அந்தக் காலில் மட்டும் விரல்கள் அதிகமாக வெளியே தெரிகின்றன என்றால், எலும்பு டாக்டரைப் பாருங்கள்.

பாட்டி, கிருஷ்ணகிரி: பேரனுக்கு மூன்று வயது. பாதம் தட்டையாக இருக்கிறதே?

அந்த வயதில் அப்படித்தான் இருக்கும் பாட்டி. மாம்பழத்துக்கு எம்பி நுனிக்காலில் நிற்கும்போது வளைவு தெரிந்தால் போதும். வலி என்று அழுதால் மட்டும் காட்டுங்கள்.

பெயர் வேண்டாம், சூளகிரி: ஸ்டூல் கேட்டால் சூப்பர்வைசர் முறைக்கிறார்.

நின்று வேலை செய்பவருக்கு இடையில் உட்கார வசதி வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-வது பிரிவே சொன்னது. கடை ஊழியர்களுக்கும் 2021-ல் தமிழக அரசு அந்த உரிமையைத் தந்தது. ஆகவே கேளுங்கள், நாலு பேராகச் சேர்ந்து. தேய்ந்த சேஃப்டி ஷூவுக்கு மாற்றும் அப்போதே கேளுங்கள். வலி வாரக்கணக்கில் நீண்டால் இ.எஸ்.ஐ. அட்டையை வெளியே எடுங்கள். சந்தா கட்டுவது அதற்குத்தான்.