தத்துக் குழந்தைக்குக் காப்பீடு

கேள்வி: அமெரிக்கத் தம்பதியர் கொலம்பியாவிலிருந்து தத்தெடுக்கும் குழந்தைக்குப் பிறவியிலேயே இருதயக் கோளாறு இருந்தால், மருத்துவக் காப்பீடு மறுக்கப்படுமா?

பதில்: மறுக்க இயலாது, அன்பரே! வயிற்றில் சுமந்தவளா, விமானத்தில் சுமந்து வந்தவளா என்று அமெரிக்கச் சட்டம் தாயை விசாரிப்பதில்லை. ஊழியரின் பிள்ளைகளையும் ஏற்கும் உத்தியோகக் குழுக் காப்பீடு, தத்தெடுக்கும் பொருட்டுக் குழந்தையின் பராமரிப்புப் பொறுப்பைப் பெற்றோர் சட்டப்படி ஏற்ற தினத்திலிருந்தே, இறுதித் தீர்ப்புக்குக் காத்திராமலும், முன்பே இருந்த வியாதியென்று விலக்காமலும், ஈன்ற மகவுக்குச் சமமாக அதனையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்று 1993-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருக்கிறது. குழந்தையைக் காப்பீட்டில் சேர்ப்பதற்கான அவகாசந்தான் சொற்பம்: குழுக் காப்பீட்டுக்குப் பொதுவாக 30 நாள், அரசாங்கக் காப்பீட்டுச் சந்தையில் வாங்குவோருக்கு 60 நாள். ஆகையால், கொலம்பியாவிலிருந்து வந்த பெட்டியை அவிழ்க்குமுன், தத்து உத்தரவின் நகலையும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பையும் ஆபீஸில் கொடுத்துவிடட்டும்.