நாலு மணி வாட்ச்மேன்

46 வயதில் ஒரு மனிதன் கெட்டுப்போக எத்தனையோ வழி இருக்கிறது. சீட்டு, பங்குச்சந்தை, புறநகரில் மனை. நான் டிரையத்லானில் விழுந்தேன். நீந்தி, அந்த ஈரத்தோடே சைக்கிள் மிதித்து, இறங்கிய கையோடு ஓடுகிற போட்டி அது.

கோவாவில் 2019 முதல் நடக்கும் அயர்ன்மேன் 70.3-க்குப் பணம் கட்டினேன். கடலில் 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். மூன்றையும் மைலில் கூட்டினால் 70.3. இதைக் கேட்டதும் வீட்டம்மா, "அந்தப் புள்ளி மூணையாவது தள்ளுபடி பண்ண மாட்டாங்களாங்க?" என்றாள்.

இது பாதிதான். முழு அயர்ன்மேன் இதைப்போல் இரண்டு மடங்கு. நீச்சல்காரன் தெம்பானவனா, ஓட்டக்காரனா, சைக்கிள்காரனா என்று ஹவாயில் கிளம்பிய ஒரு வாக்குவாதம்தான் அதற்கு மூலம். ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரி, மூன்றையும் ஒரே நாளில் செய்து பார்த்துவிடலாமே என்றார். நம் ஊரில் இப்படிப்பட்ட வாக்குவாதம் டீக்கடையோடு முடிந்துவிடும். அங்கே 1978-இல் 15 பேர் நிஜமாகவே கிளம்பிவிட்டார்கள். 12 பேர் முடித்தார்கள். கார்டன் ஹாலர் 11 மணி 46 நிமிடத்தில் முதலாவதாக வந்தார். இரண்டாவதாக வந்த ஜான் டன்பாருக்கு ஓட்டத்தின்போது தண்ணீர் தீர்ந்துபோக, உடன் வந்தவர்கள் பீரைக் கொடுத்திருக்கிறார்கள். இந்த விளையாட்டு மனிதர்களுக்கானதுதான் என்ற நம்பிக்கை எனக்கு அங்கேதான் பிறந்தது.

உற்சாகத்துக்கு நான் செய்யாதது இல்லை. சுவரில் அட்டவணை ஒட்டினேன். மலையுச்சியில் ஒருவன் கைவிரித்து நிற்கும் படத்தை ஃபோனில் வைத்தேன். அலாரம் அடிக்கும்போது அந்தப் படத்தின் மேல்தான் விரலை வைத்து அணைத்தேன்.

கடைசியில் என்னை எழுப்பியவர் எங்கள் அடுக்குமாடி வாட்ச்மேன். முதல் நாள் நாலேகாலுக்கு சைக்கிளோடு இறங்கி அவரை எழுப்பினேன்.

"ஊருக்கா சார்?"

"இல்லண்ணே, மகாபலிபுரம் வரைக்கும் போய்ட்டு வரேன்."

"அஞ்சு மணிக்கு பஸ்ஸு இருக்குமே சார்!"

இரண்டு வாரம் ஒழுங்காகப் போனேன். மூன்றாவது வாரம் ஒருநாள் போர்வைக்குள்ளேயே இருந்துவிட்டேன். ஆபீசுக்குக் கிளம்பும்போது, சங்கத்துச் செயலாளர் பக்கத்தில் நிற்க, வாட்ச்மேன் சத்தமாகக் கேட்டார்: "என்ன சார், இன்னைக்கு வரலையே? நாலு மணிக்கே கேட்டைத் தொறந்து வெச்சிட்டுக் காத்திருந்தேன்." செயலாளர் என் வயிற்றைப் பார்த்தார். அதன்பிறகு நான் தவறவே இல்லை. லட்சியம், மன உறுதி எல்லாம் பெரிய வார்த்தைகள். எனக்கு வேலை செய்தது வெட்கம்.

ஆனால் வெட்கத்தால் கேட்டைத் தாண்டத்தான் முடியும். முட்டுக்காடு பாலத்தைத் தாண்ட மாவுச்சத்து வேண்டும். தசையிலும் ஈரலிலுமாக உடம்பு சேர்த்து வைப்பது 500 கிராம் அளவுதான். வேகமாக மிதித்தால் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் கஜானா காலி. கொழுப்பு வேண்டிய மட்டும் இருக்கிறது, என்னிடம் அதற்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அது அரசாங்க நிதி மாதிரி, இருக்கும், அவசரத்துக்குக் கைக்கு வராது. ஆகவே போகிற போக்கிலேயே மணிக்கு 60 கிராம் உள்ளே தள்ள வேண்டும் என்பது கணக்கு.

இந்தக் கணக்கு தெரியாத காலத்தில், தெம்பாக இருக்கட்டும் என்று இரண்டு கரண்டி வெண்பொங்கல் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். நெய்யும் முந்திரியும் ஜீரணமாக நேரம் பிடிக்குமாமே. உத்தண்டி தாண்டுவதற்குள் கண் சொக்கியது. பொங்கல் தின்றுவிட்டு மனிதன் செய்யத்தக்கது ஒன்றே ஒன்றுதான், அதைச் சைக்கிள் மேல் செய்ய முடியாது.

அடுத்த ஞாயிறு, வேண்டாம் வம்பு என்று வெறும் வயிற்றோடு போனேன். திரும்பும்போது கோவளம் அருகே விளக்கை அணைத்ததுபோல் சக்தி போய்விட்டது. கால் வலிக்கவில்லை. மனசுதான் கெட்டுப்போனது. மைல்கல்லின் மேல் கோபம் வந்தது. இளநீர்க்காரர், "வழுக்கையா தண்ணியா சார்?" என்று கேட்டதும் அழுகை வந்துவிட்டது.

பிறகு விவரம் தெரிந்தவர்கள் ஜெல் வாங்கச் சொன்னார்கள். ஒரு பொட்டலத்தில் 25 கிராம் மாவுச்சத்து, பசை மாதிரி ஒரு பாகு, விலை 100 ரூபாய்க்கு மேல். நடுத்தரமான ஒரு வாழைப்பழத்திலும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கிறது, ஆனால் பழத்தை முதுகுப் பையில் வைத்து 60 கி.மீ. போனால் பஞ்சாமிர்தமாகிவிடுகிறது. ஜெல்லும் யோக்கியம் இல்லை. ஒருநாள் பையிலேயே பொட்டலம் கிழிந்து ஒழுகியிருக்கிறது. டீக்கடையில் ஐந்து நிமிடம் நின்றேன். மிச்ச தூரத்தை எறும்புகளோடுதான் மிதித்தேன். அன்றைக்குப் போன வேகத்தை அதற்குப் பிறகு என்னால் எட்ட முடியவில்லை.

போட்டியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உப்புத் தண்ணீர் குடித்தேன். சைக்கிளிலிருந்து இறங்கியபோது இரண்டு காலும் செங்கல்லாக இருந்தன. இறங்கியவுடன் ஓடிப் பழகும் பயிற்சிக்கு பிரிக் என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்று புரிந்தது. மத்தியான வெயிலில் ஓடினேன் என்றுதான் சொல்லிக்கொள்கிறேன், புகைப்படத்தில் நடக்கிறேன். பந்தலைப் பிரிப்பதற்குள் வந்துவிட்டேன்.

ஊர் திரும்பியதும் பதக்கத்தை முதலில் வாட்ச்மேனிடம்தான் காட்டினேன். கையில் வாங்கி எடை பார்த்தார்.

"எத்தனாவது சார்?"

"முடிச்சிட்டேன்ணே."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ நாளையிலேர்ந்து நான் தூங்கலாமா?"

அந்தத் தீபாவளிக்குச் சங்கத்து இனாம் போக, என் கையிலிருந்து அவருக்கு 1000 ரூபாய் கொடுத்தேன். ஜெல்லுக்குச் செலவழித்ததில் அது கால்வாசிகூட இல்லை.