மேஸ்திரிக்கு ஒரு டீ

ஹார்டுவேர் கடைக்காரரைப் பொறுத்தவரை, பணம் கொடுப்பவரை அழைத்துக்கொண்டு வருபவரே வாடிக்கையாளர். பணம் கொடுப்பவர் அவருக்குத் துணையாக வந்தவர். தூத்துக்குடிப் பக்கத்து அண்ணாச்சியானாலும், இரண்டு தலைமுறைக்கு முன் ராஜஸ்தானிலிருந்து வந்து இப்போது சுத்தமான மதுரைத் தமிழ் பேசும் சேட்டானாலும் இதில் மாற்றமில்லை. அழைத்து வருபவர்களில் கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன், ஆசாரி, பெயிண்டர், டைல்ஸ் ஒட்டுபவர், கிரில் பட்டறைக்காரர் எனப் பல கிளைகள் உண்டு. கடைக்காரர் வாயில் எல்லோரும் மேஸ்திரிதான். வீடு கட்டுபவர் 'சார்'.

இந்த இரு பிரிவினரையும் டீயை வைத்துப் பிரித்துவிடலாம். மேஸ்திரியின் டி.வி.எஸ். எக்ஸ்.எல். கடை வாசலில் உறுமிக்கொண்டிருக்கும்போதே கடைக்காரரின் கை தானாக உயர்ந்து, டீக்கடையைப் பார்த்து ஒரு விரல் காட்டும். சர்க்கரை எவ்வளவு, லைட்டா ஸ்ட்ராங்கா என்பதெல்லாம் டீ மாஸ்டருக்கு மனப்பாடம். மேஸ்திரியிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. வண்டிக்கு ஸ்டாண்டு போட்டு நிமிர்ந்தால் டீ வந்திருக்கும். சாரிடம் கேட்பார்கள். "சார், டீ சாப்பிடுறீங்களா?" என்ற கேள்வியின் இழுவையிலேயே 'வேண்டாம்' என்ற பதிலும் சேர்ந்திருக்கும். விவரம் தெரியாமல் "சரி, சொல்லுங்க" என்று சொல்லிவிடும் சார்களும் உண்டு. அவர்களுக்கும் டீ வரும். பாதி ஆறிப்போய், கடைப் பையன் கையில், "இது யாருக்கு முதலாளி?" என்ற சத்தமான விசாரணையோடு வரும்.

ஒரே தெருவில் எதிரெதிரே இரண்டு ஹார்டுவேர் கடை இருந்துவிட்டால் டீ அரசியலாகிவிடுகிறது. இந்தக் கடையில் டீ கொடுத்தால் அந்தக் கடையில் டீயுடன் மசால்வடை. இங்கே உட்காரக் கவிழ்த்துப் போட்ட இருபது லிட்டர் பெயிண்ட் வாளி இருந்தால், அங்கே பிளாஸ்டிக் நாற்காலி. உடனே இங்கே குஷன் வைத்த நாற்காலி. அங்கே செல்போன் சார்ஜ் போட ஒரு பிளக் பாயிண்ட் வந்தால், இங்கே கல்லாப்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த ஃபேன் மேஸ்திரி நாற்காலிப் பக்கம் திருப்பப்படும். முதலாளி வியர்த்துக்கொண்டு பில் எழுதுவார். விவரமான மேஸ்திரி காலை பத்து மணி டீயை ஒரு கடையிலும், மாலை நான்கு மணி டீயை எதிர்க்கடையிலும் குடித்து நடுநிலை காப்பார். இரண்டு கடைக்கும் டீ கொடுப்பது ஒரே டீக்கடை. இந்தப் போட்டியில் இதுவரை நிச்சயமாக லாபம் பார்த்தவர் அந்த டீக்கடைக்காரர் ஒருவர்தான்.

கணக்குப்படி பார்த்தால் கடைக்காரர் மேல் தப்புச் சொல்வதும் கடினம். வீட்டுக்காரர் வாழ்நாளில் ஒரு வீடு கட்டுகிறார். பிறகு ஏதாவது குழாய் ஒழுகினால்தான் எட்டிப் பார்ப்பார். பிளம்பரோ வருடம் முழுக்க வீடு மாற்றி வீடு வேலை பார்ப்பவர். ஒரு சாரை இழந்தால் ஒரு சார். ஒரு பிளம்பரை இழந்தால் ஒரு பேட்டையே போய்விடும். இந்த ஞானம் கடைக்காரரின் சொந்தக் கண்டுபிடிப்பும் அல்ல. 1959இல் ஃபெவிகால் பசையைக் கொண்டுவந்த பல்வந்த் பாரேக், கடைகளில் அடுக்கிவைத்துவிட்டுக் காத்திருக்காமல் நேராக ஆசாரிகளிடம் போனார். எந்தப் பசை என்பதை வீட்டுக்காரரோ கடைக்காரரோ முடிவு செய்வதில்லை, உளி பிடிப்பவர்தான் முடிவு செய்கிறார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு சிமெண்ட், கம்பி, ஒயர், பைப், பெயிண்ட் எல்லாக் கம்பெனிகளும் அதே வழியில் இறங்கிவிட்டன. ஊரில் கல்யாண மண்டபத்தைப் பிடித்து 'மேஸ்திரி மீட்டிங்' போடுகிறார்கள். இருபது நிமிடம் டைல்ஸ் பசையின் பெருமை, அப்புறம் பிரியாணி, போகும்போது ஒரு பை, ஒரு டி-ஷர்ட். மறுநாள் ஊரிலுள்ள டைல்ஸ்காரர்கள் எல்லோரும் ஒரே நிறச் சட்டையில் திரிவார்கள்.

கடைக்குள் பேச்சு நடக்கும் திசையைக் கவனித்தால் மீதி விளங்கிவிடும். வீட்டுக்காரர் ஒரு குழாயைக் கையில் எடுத்து, "இது எப்படிங்க?" என்று கேட்கிறார். கடைக்காரர் அவர் தோளுக்கு மேலாகப் பின்னால் பார்த்து, "என்ன மேஸ்திரி, இதப் போட்டுரலாமா?" என்கிறார். மேஸ்திரி டீயை ஒரு மிடறு குடிக்கிறார். தீர்ப்பு வர இன்னொரு மிடறு ஆகும். பிறகு, "அது வேண்டாம்ணே, நாம வழக்கமா போடுறதயே போடுவோம்" என்கிறார். அந்த 'நாம'வில் வீட்டுக்காரருக்கு இடமில்லை. கையிலிருந்த குழாயை அவரே திரும்ப அலமாரியில் வைத்துவிடுகிறார். வழக்கமாகப் போடுவது எது, அதன் விலை என்ன, அதில் மேஸ்திரிக்கு நூற்றுக்கு ஐந்தா பத்தா என்பது அந்த இருவருக்குள் எப்போதோ முடிந்த விஷயம். விலையை வீட்டுக்காரர் கேட்டால், "உங்களுக்குப் போய் கூடச் சொல்வேனா சார்?" என்று பதில் வரும். அது ஒரு விலை அல்ல என்பதை அவர் வீட்டுக்குப் போன பிறகுதான் கவனிப்பார்.

மேஸ்திரியை விட்டுவிட்டுத் தனியாகப் பொருள் வாங்கப் புறப்படும் வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். பிளம்பர் எழுதிக் கொடுத்த லிஸ்டை எடுத்துக்கொண்டு, நான்கு தெரு தள்ளி, அல்லது சென்னையாக இருந்தால் பாரிமுனை வரைகூடப் போய், முக்கால் இஞ்ச் எல்போ, கப்ளிங், பந்து வால்வு, சால்வெண்ட், டெஃப்லான் டேப் எல்லாம் விலை விசாரித்து வாங்கி, மிச்சம் பிடித்த பெருமையோடு வந்து நிற்பார்கள். பிளம்பர் ஓர் எல்போவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பெருமூச்சு விடுவார்.

"எங்க வாங்குனீங்க சார்?"

"ஏன், ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கே?"

"முத்திரை இருக்கு சார். மாட்டித் தர்றேன். நாளைக்கு ஒழுகுச்சுன்னா என்னைக் கேக்கக் கூடாது."

இதற்குப் பிறகு எந்த வீட்டுக்காரரும் எதிர்த்து நின்றதாகத் தகவல் இல்லை. அந்தப் பை அப்படியே பரணுக்குப் போகிறது; அதே எல்போ, அதே முத்திரையோடு, வழக்கமான கடையிலிருந்து வருகிறது. பரணில் கிடப்பதைத் திருப்பிக் கொடுக்கப் போனால் விற்ற கடைக்காரர், "வித்த சாமான் திருப்பி எடுக்கிறதில்ல சார்" என்று போர்டைக் காட்டுவார். அந்தப் போர்டு மேஸ்திரிகளுக்குப் பொருந்தாது. அவர்கள் கொண்டுவந்தால் பாதி அறுத்த பைப்பைக்கூட எடுத்துக்கொள்வார்கள்.

பெயிண்டில் இந்த ஏற்பாடு வாளிக்குள்ளேயே வந்துவிடுகிறது. மூடியைத் திறக்கும் உரிமை பெயிண்டருக்கு மட்டும் உரியது; உள்ளே டோக்கன் இருக்கும். இப்போது பல கம்பெனிகள் க்யூ.ஆர். கோடு வைத்துவிட்டன, செல்போனைக் காட்டினால் பெயிண்டரின் கணக்கில் ஏறிவிடும். ஆர்வக்கோளாறில் தானே மூடியைத் திறந்துவிடும் வீட்டுக்காரர், அன்று முழுவதும் சுவரில் இல்லாத ஒரு நிறத்தைப் பெயிண்டரின் முகத்தில் பார்ப்பார்.

மெஷின் விற்கும் கடைகளில் உபசாரம் இன்னும் ஒரு படி மேல். கையில் பிடித்துத் துளை போடும் மின்சார டிரில்லை 1895இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஃபைன் கம்பெனி செய்தது. துப்பாக்கி போன்ற பிடியும் விசையும் வைத்த டிரில்லுக்கு அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் 1917இல் காப்புரிமை பெற்றது. வீட்டில் இருப்பவர்களே வாங்கிப் பயன்படுத்தட்டும் என்று 1946இல் அதே கம்பெனி தனி ரகமே கொண்டுவந்தது. அந்தச் செய்தி நம்மூர்க் கடைக்காரருக்கு இன்னும் வந்து சேரவில்லை. டிரில்லிங் மெஷின் கேட்டு நிற்கும் வீட்டுக்காரரிடம் அவர் முதலில் கேட்பது, "யாருக்கு சார்?" என்பதுதான். "எனக்குத்தான்" என்றால் முகத்தில் உண்மையான கவலை படரும். "சாமி படம் மாட்டவா? எதுக்கு சார் உங்களுக்கு? ஒரு ஆளை அனுப்புறேன், நூறு ரூபா குடுத்துருங்க."

ஆசாரி வந்தால் கதை வேறு. நீல போஷ், மஞ்சள் டிவால்ட், பச்சையும் நீலமும் கலந்த மகிட்டா எல்லாம் பெட்டியிலிருந்து வெளியே வரும். பிளக்கில் மாட்டி ஓட்டிக் காட்டப்படும். ஓட்டிப் பார்க்க ஒரு பலகையும் தயாராக இருக்கும். எந்தக் கடையில் எடுத்தாலும் கம்பெனி மெஷின் ஒன்றுதான். ஆகவே போட்டி மெஷினில் இல்லை, மெஷின் படுத்த பிறகு என்ன என்பதில் இருக்கிறது. கிரைண்டரில் கார்பன் பிரஷ் தேய்ந்தால் ஒரு கடையில் நின்ற நிலையிலேயே மாற்றிக் கொடுக்கிறார்கள். எதிர்க்கடையில் அதை மாற்றுவதற்குக் கூலி வாங்குவதில்லை. முதல் கடையில், சர்வீசுக்குக் கொடுத்த மெஷின் திரும்பி வரும் வரை, "வேலை நிக்கக் கூடாதுல்ல, இத வச்சு ஓட்டிக்க" என்று இன்னொரு மெஷினைக் கையில் திணிக்கிறார்கள். கான்கிரீட் உடைக்கும் பிரேக்கர் நாள் வாடகைக்குக் கிடைக்கும்; வேண்டியவர்களுக்கு அரைநாள் வாடகையில் ஒருநாள் ஓடும்.

இந்தக் கடைக்காரரின் முழு உருவமும் தெரிய வேண்டுமென்றால், செல்போனில் ஆன்லைன் விலையைக் காட்டிப் பார்க்க வேண்டும். நான்கு இஞ்ச் கிரைண்டர் அதில் நானூறு ரூபாய் குறைவு என்று மேஸ்திரி காட்டினால், கடைக்காரர் துடித்துப்போவார். "ஆர்மேச்சர் எரிஞ்சா அவன் வந்து நிப்பானா? நான்தானே நிக்கணும்?" என்று உரிமையோடு கோபித்துக்கொண்டு, முந்நூறைக் குறைத்து, இன்னொரு டீ சொல்வார். அதே விலையை வீட்டுக்காரர் காட்டினால் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். "அதுலயே வாங்கிக்கோங்க சார்."

கல்லாவுக்குப் பின்னால் 'கடன் அன்பை முறிக்கும்' என்ற பலகை தொங்கும். அதற்கு நேர் கீழே நீளமான கடன் நோட்டு இருக்கும். பலகை சாருக்கு, நோட்டு மேஸ்திரிக்கு. இந்த நோட்டில்தான் கடைக்காரர் கொஞ்சம் வேறு மனிதராகத் தெரிகிறார். ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்ட்ரிங் வேலை நின்று, பூச்சு வேலை நின்று, பெயிண்டர் மாதக்கணக்கில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, சாமான் என்ற பெயரில் இந்த நோட்டிலிருந்து அரிசிப் பணம் போகிறது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது ஃபீஸ் போகிறது. வங்கிகள் படிவமும் சம்பளச் சான்றிதழும் கேட்கிற காலத்தில், ஒரு கொத்தனாரின் கைநாணயத்தை மட்டும் பார்த்து மெஷினைத் தவணைக்குத் தூக்கிக் கொடுப்பவர் இவர்தான். ஆயுத பூஜைக்கு மேஸ்திரி வீட்டில் சந்தனம் வைத்த கிரைண்டருக்குப் பக்கத்தில் இருக்கும் பொரிகடலையிலும் இவர் பங்கு உண்டு. வியாபாரம்தான், ஆனாலும் மொய் நோட்டில் பெயர் இருக்கிறது.

அன்புக்கு நடுவே பயமும் இருக்கிறது. பாக்கி அதிகமாக உள்ள மேஸ்திரிக்கு டீயோடு பிஸ்கட்டும் வரும். அவர் எதிர்க்கடைக்குப் போய்விட்டால் பாக்கியும் கூடவே போய்விடும் அல்லவா? பைசா பாக்கியில்லாமல் வாங்குகிற மேஸ்திரிக்கு வெறும் டீதான்.

இந்தச் செலவெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் கடைக்காரர் 'என் கைக்காசு' என்பார். அது பொய். டீ, வடை, கமிஷன், பிஸ்கட், தீபாவளி ஸ்வீட் பாக்ஸ், வராமல் போன பாக்கி எல்லாம் வீட்டுக்காரரின் எல்போவிலும் குழாயிலும் பெயிண்ட் வாளியிலும் ஏறியிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டாருக்கு உபசாரம் நடக்கும் பந்தியில் பெண்ணைப் பெற்றவர் ஓரமாக நிற்பது போல அவர் நிற்கிறார். அந்தப் பெண்ணைப் பெற்றவருக்காவது, செலவு தன்னுடையது என்று தெரியும். இவருக்கு யாரும் சொல்வதில்லை. பில் கேட்டால், "பில் போட்டா ஜி.எஸ்.டி. பதினெட்டு பர்சன்ட் சேரும் சார், போடவா?" என்று அதையும் ஒரு சலுகை மாதிரி கேட்கிறார்கள். பில் இல்லாத மெஷினுக்கு வாரண்டி கிடையாது என்பதை மெஷின் படுத்த பிறகு அதே கடைக்காரர்தான் விளக்குகிறார். இதைச் சாமர்த்தியம் என்று சிரித்துவிட்டுப் போக முடியாது. வாங்கியவருக்குப் பில் கொடுக்க வேண்டியது கடைக்காரரின் கடமை.

வீட்டுக்காரர்கள் குறைந்தபட்சம் ஒன்று செய்யலாம். மேஸ்திரிக்கு வேலைக்கூலியை முதலிலேயே நியாயமாகப் பேசி, சாமான் கமிஷனையும் வெளிப்படையாகக் கேட்டுவிடலாம். பல மேஸ்திரிகள் சிரித்துக்கொண்டே சொல்லியும் விடுவார்கள். கூலி சரியாக இருந்தால் கமிஷனைக் குறைத்து வாங்கித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். கடைக்காரரிடம் பேசிப் பயனில்லை. அவருக்கு மேஸ்திரிகளுக்கு லீவு என்றால்தான் லீவு. வீட்டுக்காரர்களுக்குக் கடைக்கு வர நேரம் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டுமே. அன்றைக்குக் கடை கிடையாது.