அரை நிகழ்வு

ஃபிலிபான்செரின் என்ற மருந்து பிறந்தது மனச்சோர்வை விரட்ட. பெற்றெடுத்தது ஜெர்மனியின் போரிங்கர் இங்கெல்ஹைம் கம்பெனி. மனச்சோர்வு அசைந்துகொடுக்கவில்லை. அதனாலென்ன, பெண்களுக்கு ஆசையைத் தூண்டும் மாத்திரை என்று வேறு வேலைக்கு அனுப்பிவைத்தார்கள். 1998இல் வந்த வயாகரா ஆண்கள் தயவில் கல்லாவை நிரப்பிக்கொண்டிருந்த காலம். அடுத்த கம்பெனிக்கு வயிறு எரியாதா?

2010இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழு உதட்டைப் பிதுக்கியது. ஜெர்மன்காரர்கள் கைகழுவினார்கள். வட கரோலினாவில் ஸ்ப்ரவுட் என்ற குட்டிக் கம்பெனி தத்தெடுத்தது. 2013இல் மறுபடியும் நிராகரிப்பு.

ஸ்ப்ரவுட் சளைக்கவில்லை. ஆண்களுக்கு 26 மருந்து, பெண்களுக்குப் பூஜ்யமா என்று ஒரு பிரச்சாரம் கிளம்பியது. அதற்குப் படியளந்தவர்களில் ஸ்ப்ரவுட்டும் உண்டு. உரிமைக்குரல் என்றால் யாராவது மைக் வாடகை கொடுக்கத்தானே வேண்டும்!

இடையில் ஒரு சோதனை. மாத்திரையோடு மதுவும் சேர்ந்தால் என்ன ஆகும்? பெண்களுக்கான மாத்திரை அல்லவா, அதனால் 25 பேரைப் பொறுக்கி எடுத்தார்கள்: ஆண்கள் 23, பெண்கள் 2. காலையில், லேசாகச் சாப்பிட்ட கையோடு, பத்து நிமிடத்தில் சரக்கை உள்ளே தள்ளச் சொன்னார்கள். சிலருக்கு ரத்த அழுத்தம் விழுந்து ஆளே சாய்ந்தார்கள். படுக்கவைத்து, அம்மோனியா முகரக் கொடுத்துத் தெளிவித்தார்கள். பெண்ணின் ஆசைக்காக இத்தனை ஆண்கள் மல்லாந்தது சரித்திரத்தில் அபூர்வம்.

2015 ஆகஸ்டில் ஒருவழியாக அனுமதி கிடைத்தது. ஆணுக்கு வேண்டிய அன்று ஒன்று போட்டால் போதும். பெண்ணோ தினமும் படுக்கப்போகும்போது விழுங்க வேண்டும், மதுவைத் தொடவே கூடாது என்பது அன்றைய விதி. எட்டு வாரத்தில் பலன் தெரியாவிட்டால் நிறுத்திவிட வேண்டும். அப்படி என்ன பலன்? வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட, மாதத்துக்கு அரையிலிருந்து ஒன்று வரை கூடுதல் ‘திருப்தியான நிகழ்வு’. அரை நிகழ்வு என்றால் எந்த இடத்தில் நிறுத்துவது என்று யாரும் விளக்கவில்லை.

அனுமதி கிடைத்த இரண்டே நாளில் வேலியன்ட் கம்பெனிக்கு ஆசை பொங்கியது. சுமார் 100 கோடி டாலருக்கு ஸ்ப்ரவுட்டை வாங்குவதாக அறிவித்தது. மாத்திரைக்கு மாதச் செலவு 800 டாலர் அளவில் போய் நின்றது. பெண்கள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆசை தணிந்த வேலியன்ட், 2017இல் பழைய பங்குதாரர்களிடமே கம்பெனியைத் திருப்பிக் கொடுத்தது. ராயல்டியில் ஒரு பங்கு வந்தால் போதும் என்றது. கைச்செலவுக்கென்று 2.5 கோடி டாலர் கடனும் தந்தது.